ஊசி நல்ல பாம்பான கதை

எங்கள் வீட்டில் எலியைக் கொல்ல மாட்டார்கள் என்ற சேதி செஞ்சிக் கடைத்தெருவிலிருந்த எல்லா எலிகளுக்கும் தெரிந்திருந்தது.

நைனாவுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மற்ற மண்டிகளில் பொறி வைத்தார்கள், பாஷாணம் வைத்தார்கள், பூனை வளர்த்தார்கள். நாங்கள் சமணர்கள். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்துவிட்டு, துணியில் தங்கிய பூச்சி புழுவைப் பத்திரமாக மறுபடி கிணற்றிலேயே விட்டுவிடுகிற குடும்பம். எலி விஷயத்தில் நைனா எடுத்த நடவடிக்கை ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் கதவைச் சாத்துவதற்கு முன் கையைத் தட்டி, "போங்க, போங்க" என்று மரியாதையாகச் சொல்வார். அவை போகவில்லை. பக்கத்து மண்டிகளில் உயிருக்குப் பயந்த எலிகளும் பிள்ளைகுட்டிகளோடு எங்களிடம் வந்து சேர்ந்துகொண்டன.

அந்த மண்டியில்தான் ஊசி கிடைத்தது. அறுபதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாதம். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. நைனாவுக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். புதுக்காய் வருவதற்கு இடம் வேண்டுமென்று பழைய கோணிகளை மூட்டை தூக்குகிறவர்கள் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒருவர் கோணியைப் போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினார். அடுத்த நிமிடம் எல்லார் கையிலும் கழி இருந்தது.

மூலையில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு பாம்புக்குட்டி. விரல் பருமன்கூட இல்லை. ஆனால் அது நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே! கழுத்தை உப்ப வைத்துக்கொண்டு, உடம்பை வளைத்துக்கொண்டு, வாலால் காய்ந்த கோணியைப் படபடவென்று அடித்தது. ஒருவர் கோணி தைக்கிற ஊசியை நீட்டிச் சீண்டினார். அது ஊசியையே பாய்ந்து கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அத்தனை பெரிய ஆட்கள் அத்தனை பேர் கழியோடு நிற்கிறார்கள், இது ஒற்றை ஆளாக இரும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. பெயரும் அப்போதே மனசுக்குள் வைத்தாகிவிட்டது.

"சாரைக்குட்டி மொதலாளி. விசம் கெடையாது. ரோசம்தான் ஒடம்பு பூரா இருக்குது" என்றார் ஊசியை நீட்டியவர்.

நைனா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாம்புக்கும் கழிகளுக்கும் நடுவில் நின்றார். அடிக்கக் கூடாது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. வேறு என்ன செய்வது என்பதில்தான் அபிப்பிராயம் எதுவும் இல்லை. மலையில் விடலாம் என்றார் ஒருவர், குளத்தில் விடலாம் என்றார் இன்னொருவர், முதலில் யார் பிடிப்பது என்றார் மூன்றாமவர். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் காய் அளக்கிற மரக்காலை எடுத்து ஊசியின் மேல் கவிழ்த்து, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நைனா என்னை அடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மேல்சித்தாமூர் கோயிலில் பார்சுவநாதர் தலைக்கு மேலே பாம்பு படம் விரித்துக் குடை பிடித்துக்கொண்டிருக்கும். சுவாமியே பாம்பை வைத்துக்கொண்டிருக்கும்போது நாம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன். இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர் சொல்லவில்லை. சாரை வளர்ந்தால் எலி பிடிக்கும். எலியைப் பாம்பு பிடித்தால் பாவம் பாம்பைச் சேரும், மல்லாட்டை நம்மைச் சேரும். மூட்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

அம்மா பேசாமல் இருக்கிற ரகம் இல்லை. வாயைக் கோணித் துண்டால் கட்டிய மரக்காலைத் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த என்னை வாசலிலேயே நிறுத்தினாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடுதான் உள்ளே விட்டாள்.

"தை பொறக்கறதுக்குள்ள அதுக்குப் புத்தி வரணும். அதுக்குள்ள யாரையாவது கடிச்சிதுன்னு என் காதுல வுழுந்துச்சி, அன்னிக்கே மலைக்குப் போயிடணும், ஆமா."

இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. கடிக்கக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை. காதில் விழக் கூடாது என்றுதான் சொன்னாள். ஏனென்றால் அன்று சாயங்காலமே ஊசி என்னைக் கடித்துவிட்டது. பழைய தகரப் பெட்டி ஒன்றில் ஆணியால் ஓட்டை போட்டு, மணல் பரப்பி, உடைந்த ஓடு ஒன்றை ஒளிந்துகொள்ளக் கவிழ்த்து வைத்து, ஊசியை உள்ளே விட்டுவிட்டுத் தடவிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். இலந்தை முள் கீறியது போல இருந்தது. அலறுவதற்கு வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் வாயைப் பொத்தியது. அது அக்கா.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வீடு தேடி வந்து, இவளை டிரெயினிங் பள்ளியில் சேருங்கள், நல்ல டீச்சராக வருவாள் என்று சொல்லிவிட்டுப் போனார். நைனாவுக்கும் பெருமைதான். ஆனால் போகிற வீட்டில் படிக்க வைத்தால் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தையில் முடித்துவிட வேண்டுமென்று வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் தை பிறந்தால் ஊசிக்கும் அக்காவுக்கும் வீட்டை விட்டு வெளியே போகிற வழி பிறப்பதாக இருந்தது. இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவில்லை. அக்கா ஏன் அந்த நாட்களில் பேசினாலே சீறினாள் என்றும் யோசிக்கவில்லை. என் கவலையெல்லாம் ஊசி சீறுவதைப் பற்றித்தான்.

அவள் என் விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் இருந்தாள். வரன் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து அவள் முகத்தில் காணாமல் போயிருந்த ஒரு சிரிப்பு வந்தது.

"மேலேர்ந்து கைய நீட்டுனா அதுக்கு இன்னா தெரியும்? பருந்து வருதுன்னு நெனைக்கும். எதிர் வூட்டுக் கோழிக்குஞ்செல்லாம் நெழலு வுழுந்தாலே ஓடுதுல்ல?"

மறுநாளிலிருந்து பாடம் ஆரம்பமானது. ஊசிக்கா எனக்கா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. முதலில் அக்கா தன் பழைய தாவணியில் ஒரு துண்டு கிழித்து, என் கழுத்தில் ஒரு நாள் பூராவும் கட்டிவிட்டு, பிறகு பெட்டிக்குள் போட்டாள். என் வாசனை அதற்குப் பழக வேண்டுமாம். அப்புறம் கையைப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பெட்டிக்குள் நுழைத்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். அசைக்கக் கூடாது. பயத்தில் இழுக்கவும் கூடாது. கடித்தால் கை ஓடிவிடும் என்று ஊசி கற்றுக்கொண்டால் அப்புறம் தினமும் கடிக்கும் என்றாள்.

சும்மா கையை வைத்திருப்பது எனக்கு ஆகாத காரியம். அதற்கும் அக்கா வழி கண்டுபிடித்தாள். பதினாறாம் வாய்ப்பாடு. அதை ஆரம்பித்து முடிக்கிறவரை கையை எடுக்கக் கூடாது. எனக்கு அந்த வாய்ப்பாடு வாத்தியார் பிரம்பால் அடித்தும் வராதது. ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு என்று ஆரம்பிப்பேன். ஐந்து பதினாறுக்கு வருவதற்குள் ஊசி பாயும். தப்பாகச் சொன்னால் அக்கா மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வாள். ஆகவே ஊசி கடிக்கக் கடிக்க எனக்குக் கணக்கு நன்றாக வந்தது. அந்த அரையாண்டுப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்து நைனா பார்சுவநாதருக்கு நன்றி சொன்னார். ஊசிக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மெதுவாக, ரொம்ப மெதுவாக, பாய்வது குறைந்தது. முதலில் வாலடிப்பதை நிறுத்தியது. பிறகு கழுத்தை உப்ப வைப்பதை மறந்தது. ஒரு நாள் பத்துப் பதினாறு நூற்று அறுபது என்று நான் முடித்தபோது, என் விரல் நுனியில் ஏதோ குளிர்ந்தது. ஊசி தன் நாக்கால் என்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் கெட்டுவிடும். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே குதித்தோம்.

சாப்பாடு இன்னொரு பாடு. பாம்பு பால் குடிக்கும் என்று ஊரே சொன்னது, கொட்டாங்கச்சியில் பால் வைத்தேன். ஊசி குடிக்கவில்லை. அதில் குளித்தது. சாயங்காலம் பெட்டி முழுக்கக் கட்டெறும்பு. ஊசி நெளிந்துகொண்டிருந்தது. வேறு வீடாக இருந்தால் தண்ணீரை ஊற்றி முடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் எறும்பும் ஜீவன். அக்கா ஊசியை ஏந்திப் பிடித்துக்கொள்ள, நான் பஞ்சால் ஒவ்வொரு எறும்பாக ஒற்றி எடுத்து, அவற்றுக்கு வலிக்காமல் செம்பருத்திச் செடியடியில் இறக்கிவிட்டேன். எறும்புகள் என்னைக் கடித்தன, ஊசி அக்காவைக் கடித்தது. அகிம்சையைக் காப்பாற்றியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

பால் இல்லையென்றால் வேறென்ன? எங்கள் வீட்டில் முட்டை என்று வாயால் சொல்வதே இல்லை. ஒரு உயிரை எடுத்து இன்னொரு உயிருக்குக் கொடுப்பதா? அக்கா இரண்டு நாள் யோசித்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. கிணற்றடி முழுக்கச் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தவளைக்குஞ்சுகள். அக்கா பெட்டியைக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லுக்குக் கீழே பள்ளத்தில் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். தவளைகள் தாமாகவே குதித்து விழுந்தன. நாங்கள் யாரும் எதையும் பிடித்துப் போடவில்லை. தவளை குதிக்கிற இடமாகப் பார்த்துப் பெட்டியை வைத்தது மட்டும்தான் அக்கா. அந்த நேரத்தில் இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வோம். நைனா ஒரு முறை அந்தப் பக்கம் வந்தார். பெட்டியைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மழ வரும் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இதற்கிடையில் எதிர் வீட்டு அம்மா வந்து ஒரு எச்சரிக்கை செய்தார். சாரையும் நல்ல பாம்பும் புருஷன் பெண்டாட்டி என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நல்ல பாம்பை நல்லது என்றுதான் சொல்வார்கள். "சார இருக்கற வூட்டுக்கு நல்லது தேடிகினு வரும், சொல்லிட்டேன்" என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ ஒரே சந்தோஷம். சாரை இருந்தால் வீடு தேடி நல்லது வருமாமே! வரட்டுமே, நல்லது வந்தால் யாருக்கு வலிக்கிறது?

எனக்கு நல்ல பாம்பு என்பது ஒரு ஜாதி என்று தெரியாது. கடிக்கிறது கெட்ட பாம்பு, கடிக்காதது நல்ல பாம்பு. பார்சுவநாதர் தலைக்கு மேலே இருப்பது நல்ல பாம்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதுவும் யாரையும் கடித்து நான் பார்த்ததில்லை. ஆகவே ஊசியும் பழகப் பழக ஒரு நாள் நல்ல பாம்பாகிவிடும். இதை அக்காவிடம் விளக்கினேன். அவள் சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் உரலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆவும்டி. நீ நல்லா பழக்குனா கண்டிப்பா ஆவும்" என்றாள்.

கார்த்திகை பிறந்ததும் ஊசிக்கு ஒரு கண்டம் வந்தது. கண் இரண்டும் வெண்ணீலமாகப் பூத்துவிட்டன. உடம்பு மங்கியது. மறுபடி பழைய ரோசம். நிழல் ஆடினாலும் பாய்ந்தது. இத்தனை நாள் பட்ட பாடு வீணாயிற்று என்று எனக்கு அழுகை வந்தது. எதிர் வீட்டு அம்மாவின் கண்தான் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். அக்கா தூக்கிப் பார்த்தபோது அவள் கட்டைவிரலில் ரத்தம் வருகிற மாதிரிக் கடித்தது. அரிவாள்மணை கீறிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அரிவாள்மணையையும் பார்த்தாள், விரலையும் பார்த்தாள். தை பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள்.

பார்வை தெரியாத நேரத்தில் யாருக்குத்தான் பயமிருக்காது, அதைத் தொடாமல் விடு என்றாள் அக்கா. விட்டோம். ஒரு காலையில் பெட்டியைத் திறந்தால் உடைந்த ஓட்டின் விளிம்பில் முழுசாக ஒரு சட்டை, உட்புறம் வெளியே வரும்படி உரித்துப் போட்டிருந்தது. பக்கத்தில் ஊசி, புது எண்ணெய் தேய்த்தது போலப் பளபளவென்று, கண் தெளிந்து, என்னை நிமிர்ந்து பார்த்தது. கையை நீட்டினேன். வாய்ப்பாடுகூடச் சொல்லவில்லை. அதுவாகவே என் மணிக்கட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டு, கட்டைவிரலின் மேல் தலையை வைத்துக்கொண்டது!

எல்லாம் விளங்கிவிட்டது. கெட்ட பாம்பு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டது. உள்ளே இருந்தது நல்ல பாம்பு. நான் ஊசியோடு அடுப்படிக்கு ஓடினேன். "அக்கா, நல்ல பாம்பு ஆயிடுச்சிக்கா!"

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன். இப்போது யாரிடமும் சொல்லாதே, சொல்ல வேண்டிய நேரம் வரும்போது நானே சொல்கிறேன் என்றாள். எனக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது.

அந்த வாரமே தொண்டூர்ப் பக்கத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பெரிய பண்ணை வீடு. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், இன்னும் இரண்டு பெண்கள் எல்லாரும் கூண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். எங்களவர்கள் விளக்கு வைத்தபின் சாப்பிட மாட்டார்கள். அதனால் பார்ப்பது, பேசுவது, விருந்து எல்லாம் பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டுமென்று அம்மா காலையிலிருந்து பம்பரமாகச் சுழன்றாள். அக்கா அம்மாவின் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, அழைக்கும்வரை வெளியே வரக் கூடாது என்ற உத்தரவோடு உள்ளறையில் இருந்தாள். என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள்.

"மாப்ள வூட்டு அம்மா உன்கிட்ட எதுனா கேப்பாங்க. கேட்டா ஊசியப் பத்திச் சொல்லு. அது இன்னா ஆயிடுச்சின்னு சொல்லுவ?"

"நல்ல பாம்பு ஆயிடுச்சின்னு."

"அவ்ளோதான். நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து ஊசியின் தலைமேல் சத்தியம் செய்தேன். அடித்துச் செய்யவில்லை, தொட்டுச் செய்தேன்.

கூடத்தில் ஜமக்காளத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவி, "உங்க வூட்ல மாடு கன்னு எதுனா இருக்குதா பாப்பா?" என்று கேட்டார்.

"மாடு இல்லீங்க. பாம்பு இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கதவோரத்திலிருந்து கண்ணாலேயே என்னை அடித்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி, மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"மொதல்ல சாதா பாம்பாதான் இருந்துச்சிங்க. சட்ட உரிச்சதும் நல்ல பாம்பு ஆயிடுச்சி. எங்கக்காதான் பழக்குனாங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதனால் ஓடிப்போய் ஊசியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்த வேகத்தில் பூப்பழத் தட்டு கவிழ்ந்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு எங்கிருந்து அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ, ஒரே தாவில் பெஞ்சின் மேல் நின்றார். நைனா ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். "அது சாரைங்க! வெறும் சாரைங்க!" என்று கத்தினார். அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று.

"சார வேற இருக்குதா?" என்று அலறினார் தாய்மாமன். "அப்ப ரெண்டும் சோடியா வூட்லயே இருக்குதா?"

அலறிக்கொண்டே தோள் துண்டை உருவி வீசினார். அது ஊசியின் தலையை உரசிக்கொண்டு போயிற்று. மேலேயிருந்து வந்த நிழல். ஊசி என் மணிக்கட்டில் சுருண்டது. கழுத்து உப்பியது. மறந்தே போயிருந்த வால் என் கையில் படபடவென்று அடித்தது. எனக்கு மற்றது எல்லாம் காதில் விழாமல் போயிற்று. இன்று கடித்தால் அம்மாவின் காதில் விழுவது என்ன, கண்ணிலேயே விழும். மலைதான். நான் அசையாமல் நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே மந்திரத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஓர் பதினாறு பதினாறு. ஈர் பதினாறு முப்பத்திரண்டு. மூன்று பதினாறு நாற்பத்தெட்டு.

அப்போது அக்கா வெளியே வந்தாள். யாரும் அழைக்கவில்லை. பட்டுப்புடவையும் பூவுமாகக் கூடத்தின் நடுவில் நடந்து வந்து, என் கைக்குக் கீழே தன் கையைத் தாழ்வாக, பக்கவாட்டில் நீட்டினாள். ஊசி தன் நாக்கால் அவள் விரலைத் தொட்டது. கழுத்து இறங்கியது. பிறகு ஒரு நீளமான மூச்சு விடுவது போல அவிழ்ந்து, அவள் கைக்கு மாறி, கண்ணாடி வளையல்களுக்கு மேலே ஒன்று கீழே ஒன்றாக நுழைந்து முழங்கைவரை போய் நின்றது. அக்கா தலையைக் குனியாமல் மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். அவர் பெஞ்சின் மேல் இருந்ததால் அண்ணாந்து பார்த்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வண்டி ஏறினார்கள். அப்போது வெயில் உச்சியிலிருந்து இறங்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சிந்திக் கிடந்த வாழைப்பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "யாரையும் கடிக்கலம்மா. ஒருத்தரக்கூடக் கடிக்கல" என்றேன்.

"கடிச்சிருந்தா மஞ்சா வெச்சா ஆறிடும்டி. இனிமே ஊரு வாயில வுழப்போறோமே, அதுக்கு இன்னாத்த வெக்கறது?"

அம்மா சொன்னபடியே ஆயிற்று. செஞ்சி மண்டிக்காரர் பெண் கையில் நல்ல பாம்பைச் சுற்றிக்கொண்டு சபைக்கு வந்தாள் என்ற கதை தொண்டூரில் ஒரு முழப் பாம்பாகப் புறப்பட்டு, சீயமங்கலம் போவதற்குள் மலைப்பாம்பு அளவுக்கு வளர்ந்துவிட்டது. தை வந்தது, மாசி வந்தது, பங்குனியும் போயிற்று, எங்கள் வீட்டுப் படியை ஒரு வரனும் மிதிக்கவில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்கு அந்த டிரெயினிங்கையாவது முடிக்கட்டும் என்று ஆனி மாதம் நைனாவே அக்காவைப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது தகர டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். ஓட்டை போடாத பெட்டி. அக்கா டீச்சரானாள். பிறகு, தனக்குப் பிடித்த ஒருவருக்கு, தன் சம்பளத்தில் புடவை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் கழுத்தை நீட்டினாள். அவளிடம் பதினாறாம் வாய்ப்பாடு படித்தவர்கள் அந்தத் தாலுகா முழுக்க இருக்கிறார்கள். பிரம்பையே தொடமாட்டாள் என்பார்கள்.

அதெல்லாம் பிறகு. பெண் பார்க்க வந்தவர்கள் போன மறுநாள் காலையில் அக்காவும் நானும் ஊசியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனோம். அம்மாவின் உத்தரவு. நைனா வாசல்வரை வந்து, "நல்ல எடமா பாத்து வுடுங்க" என்றார். ராஜகிரி அடிவாரத்தில், செட்டிகுளத்துக் கரைப் பக்கம், பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கிற இடம். பாறையிடுக்கில் குளிர்ச்சி, குளத்தில் தண்ணீர், தவளைக்குப் பஞ்சமில்லை. என் சோகத்துக்கு நடுவிலும் ஊசிக்கு நல்ல வீடு கிடைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அக்கா கையைப் பாறைமேல் வைத்தாள். ஊசி இறங்கவில்லை. அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. நான் வாய்ப்பாடு சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வெயில் ஏறி, பாறை சூடாக ஆரம்பித்ததும், நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே அது இறங்கியது. இடுக்கில் தலை போயிற்று, உடம்பு போயிற்று, வால் நுனி மட்டும் கொஞ்ச நேரம் வெளியே இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

நான் அழுதேன். ஆனால் அக்கா அழுததைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. அவள் பாறைமேல் உட்கார்ந்து, தாவணியை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "உன் பாம்பு போச்சேடி. என்னாலதாண்டி போச்சி. என்ன மன்னிச்சிடுடி" என்றாள்.

உத்தரவு போட்டது அம்மா, இவள் ஏன் மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. "அழாதக்கா. அதான் நல்ல பாம்பு ஆயிடுச்சே, எங்க இருந்தாலும் பொழச்சிக்கும்" என்று தேற்றினேன். அவளுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு முன்னைவிட அதிகமாக அழுதாள்.

பாவம் அக்கா, என்னைவிட அவளுக்கு ஊசியின் மேல் பாசம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அடுத்த புரட்டாசியில் மண்டியில் இன்னொரு குட்டி கிடைத்தால், அதை முழுக்க அவளுக்கே கொடுத்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.